நொறுங்கிய ஃபெராரி காயலான் கடைக்கா, கோடிக்கா? தெரியுமா?

சாலையோரம் ஒரு ஃபெராரி நொறுங்கிக் கிடக்கிறது. முன்பக்கம் இல்லை. கதவு தொங்குகிறது. ஏர்பேக் எல்லாம் வெடித்துத் துணியாகக் கிடக்கின்றன. “அவ்வளவுதான், பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்!” என்று சொல்லத் தோன்றுகிறதா?

அவசரப்படாதீர்கள்! அதே கார் நாளை கோடிகளுக்கு ஏலம் போகலாம்! அதற்குப் பக்கத்திலேயே ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று நிற்கும் கார், திரும்ப ஓடவே லாயக்கில்லாததாக இருக்கலாம்! எது பிழைக்கும், எது பிழைக்காது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

மிஸ்டர் பீன் காரின் ரிப்பேர் பில் எவ்வளவு தெரியுமா?

‘மிஸ்டர் பீன்’ ரோவன் அட்கின்சன் 1997-ல் ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். உலகத்திலேயே மொத்தம் 106 தான் செய்தார்கள்! டிரைவர் சீட் நட்டநடுவில், இன்ஜின் அறைக்குள் வெப்பத்தைத் தடுக்க அசல் தங்கத் தகடு! 1999-ல் ஒரு முறை மோதினார். 2011-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் மறுபடியும் சறுக்கி மரத்தில் மோதினார். ரிப்பேர் செலவு? 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு! அவர் கார் வாங்கிய விலையைவிட அதிகம்! இன்சூரன்ஸ் கம்பெனி பைத்தியமா, இதற்குப் போய்ப் பணம் கொடுக்க? இல்லவே இல்லை! 2015-ல் அந்தக் கார் விற்ற விலை சுமார் 80 லட்சம் பவுண்டு! இரண்டு முறை அடிபட்ட கார் சார் அது!

கருகிய தகரத்துக்கு 18 லட்சத்து 75 ஆயிரம் டாலரா?

1954-ல் செய்யப்பட்ட ஃபெராரி 500 மொண்டியல். அந்தக் காலத்தில் இத்தாலியின் புகழ்பெற்ற ‘மில்லே மிலியா’ பந்தயத்தில் ஓடிய கார். 1960-களில் மோதி, தீப்பிடித்து, கசங்கிப்போனது. அதை யாரும் சரிசெய்யவில்லை. 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஆர்.எம். சோத்பிஸ் ஏலத்துக்கு வந்தபோது அதைப் பார்க்க வேண்டுமே! முகப்பு விளக்கு இல்லை. சக்கரம் இல்லை. கண்ணாடி இல்லை. நசுங்கி, துருப்பிடித்த ஒரு தகரக் குவியல்! ஏலம் எங்கே போய் நின்றது தெரியுமா? 18,75,000 டாலரில்! இந்த விலைக்கு இரண்டு காரணங்கள்: சேசிஸ் (எலும்புக்கூடு) எண் அசல், கியர்பாக்ஸ் அசல். போதும்! மீதி எல்லாவற்றையும் புதிதாகவே செய்துகொள்ளலாம்!

இரண்டு துண்டான கார் திரும்ப ஓடுமா?

ஓடியது! 2006 பிப்ரவரி, கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரைச் சாலை. ஒரு சிவப்பு ஃபெராரி என்சோ மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மின்கம்பத்தில் மோதி, இரண்டாகப் பிளந்தது! இன்ஜின் ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம்! ஆனால் உலகில் என்சோ மொத்தமே 400 தானே? விடுவார்களா? திரும்ப ஒன்று சேர்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, 2016-ல் பாரிஸ் ஏலத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்! விலை 15 லட்சம் யூரோவையும் தாண்டியது!

இன்னொரு என்சோ 2006-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சிதறியது. அதையும் திரும்பக் கட்டி, டர்போ மாட்டி, 2010-ல் பான்வில் உப்புப் பாலைவனத்தில் ஓட்டினார்கள். வேகம்? 380 கிலோமீட்டருக்கும் மேல்! அடிபட்ட பிறகு முன்னைவிட வேகம்! நம்ப முடிகிறதா?

கூடுதலாக ஒரு செய்தி: 399 என்சோவோடு நிறுத்துவதாகத்தான் இருந்தது. 400-வது காரைப் போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். அது 2005-ல் 9 லட்சத்து 50 ஆயிரம் யூரோவுக்கு ஏலம் போனது. அந்தப் பணம் யாருக்குப் போனது தெரியுமா? 2004 சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு!

காரின் உயிர் 75 கிலோவில் இருக்கிறதாமே?

ஆமாம்! மெக்லாரன் 12சி காரில் டிரைவர் உட்காரும் கூடு மொத்தமும் ஒரே கார்பன் ஃபைபர் வார்ப்பு. எடை வெறும் 75 கிலோ! ஒரு மனிதனின் எடைதான்! கதவு போனால் மாற்றலாம், பானெட் போனால் மாற்றலாம். இந்தக் கூட்டில் விரிசல் விழுந்தால்? காரின் தலையெழுத்தே மாறிவிடும்!

பெரிய ஆபத்து என்ன தெரியுமா? இரும்பு அடிபட்டால் வளையும், பார்த்தாலே தெரியும். கார்பன் ஃபைபர் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்துபோயிருக்கும்! அதைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி என்ன? ஒரு நாணயம்! நம் ஊரில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, கார்பன் பரப்பை நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடத்தில் ‘டிங்’ என்று தெளிவான சத்தம். அடுக்குப் பிரிந்த இடத்தில் ‘டப்’ என்று அமுங்கிய சத்தம்! சந்தேகம் வந்தால் அடுத்தது அல்ட்ராசவுண்ட். ஆமாம், காருக்கும் ஸ்கேன்!

காருக்குப் பறக்கும் டாக்டர்கள் உண்டா?

உண்டு! லம்போர்கினி கம்பெனி ஒரு குழுவே வைத்திருக்கிறது. பெயரே ‘ஃப்ளையிங் டாக்டர்ஸ்’! அவென்டடார் கார் எந்த நாட்டில் அடிபட்டாலும், விமானம் ஏறிப் போய் கார்பன் கூட்டைச் சோதிப்பார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து, கெட்டுப்போன அடுக்குகளை மட்டும் சீவி எடுத்து, புது கார்பன் துணி ஒட்டி, சூடேற்றி இறுகவைப்பார்கள். டாக்டர் ‘தேறும்’ என்றால் தேறும். ‘தேறாது’ என்றால்? கூடு முழுவதும் புதுசு! பில்லைப் பார்த்தால் நமக்கு டாக்டர் தேவைப்படும்!

அலுமினியத்தை டிங்கரிங் செய்ய முடியாதா?

1999-ல் வந்த ஃபெராரி 360 மொடேனாவின் எலும்புக்கூடு முழுக்க முழுக்க அலுமினியம். சாதாரண இரும்பு காராக இருந்தால் இழுத்து, தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். அலுமினியத்தை அப்படி இழுத்தால்? பிய்ந்துவிடக்கூடும்! பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டுதான் வைக்க வேண்டும். அதுவும் தனி அறையில்! ஏன் தனி அறை? இரும்புத்தூள் அலுமினியத்தில் ஒட்டினால் அரிப்பு ஆரம்பித்துவிடும்! அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் வெடிக்கவே செய்யும்! இரும்பில் வேலை செய்த சுத்தியலைக்கூட அந்த அறைக்குள் விடமாட்டார்கள்!

முன்னால் அடிபட்டதா, பின்னால் அடிபட்டதா?

விலை பேசும் முன் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்! நம் வீட்டு காரில் முன்பக்கம் மோதினால்தான் பதறுவோம். இன்ஜின் அங்கேதானே இருக்கிறது? பெரும்பாலான சூப்பர் கார்களில் தலைகீழ்! இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ எல்லாம் முதுகுப் பக்கம். முன்னால் இருப்பது பெரும்பாலும் பெட்டி வைக்கும் இடமும் ரேடியேட்டர்களும்தான். அதனால் மூக்கு நசுங்கிய காரைவிட, பின்னால் லேசாக இடிபட்ட காரைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர்கள் பயப்படுவார்கள்!

ரேடியேட்டர் என்றால் சும்மா இல்லை! புகாட்டி வேரானில் எத்தனை தெரியுமா? 10! சிலிண்டர் 16, டர்போ 4, ரேடியேட்டர் 10! அதனால் முன்பக்கம் அடிபட்டாலும் முழுசாக நிம்மதி கிடையாது!

0.03 விநாடியில் பல லட்சம் போகுமா?

ஏர்பேக் விரிய ஆகும் நேரம் சுமார் 0.03 விநாடி! நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் அது பல முறை விரிந்து முடிந்திருக்கும்! உயிரைக் காப்பாற்றும். ஆனால் விரிந்துவிட்டால்? டாஷ்போர்டு கிழியும், ஸ்டியரிங் போகும், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்ன வெடிமருந்தும் தீர்ந்துவிடும். எல்லாமே புதுசு வேண்டும்! இன்னொரு ரகசியம்: எவ்வளவு வேகத்தில் மோதினோம் என்பது உட்பட மோதிய நேரத்து விவரங்களைப் பல கார்களின் ஏர்பேக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும்! “மெதுவாகத்தான் சார் இடிச்சேன்” என்ற பேச்சு அங்கே எடுபடாது!

பெலிகன் பறவை மேல் பழி போட்டவர் கதை தெரியுமா?

2009 நவம்பர், டெக்சாஸ். ஒரு புகாட்டி வேரான் சாலையிலிருந்து நேரே உப்பு நீர்க் காயலுக்குள் பாய்ந்தது! “பெலிகன் பறவை குறுக்கே வந்தது” என்றார் உரிமையாளர். காரை வாங்கியது சுமார் 10 லட்சம் டாலருக்கு. இன்சூரன்ஸ் செய்திருந்தது 22 லட்சம் டாலருக்கு! பக்கத்துக் காரில் போன ஒருவர் புகாட்டியின் அழகில் மயங்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வீடியோவில் கார் இருந்தது, காயல் இருந்தது. பெலிகன்? எங்கேயுமே இல்லை! மோசடி வழக்கு, கடைசியில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறை!

அதைவிட ஆச்சரியம், தண்ணீருக்குள் போன பிறகும் அந்த இன்ஜின் கால் மணி நேரம் அளவுக்கு ஓடிக்கொண்டே இருந்ததாம்! அதுதான் காருக்கே எமன்! தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்! அதனால் தண்ணீரில் மூழ்கிய காரில் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: “ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?”

கழிப்பறை மேல் ஏறி நின்ற மெக்லாரன்!

2022 செப்டம்பர் 28. இயான் புயல் ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்டது. நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கராஜ் கதவை உடைத்துக்கொண்டு வந்த கடல்நீர், உள்ளே நின்ற மஞ்சள் நிற மெக்லாரன் பி1 காரை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்து பார்த்தால், கார் ஒரு கழிப்பறைக் கோப்பையின் மேல் உட்கார்ந்திருந்தது! உலகில் 375 மட்டுமே விற்பனைக்கு வந்த கார்! அடுத்த ஆண்டு சேதக் கார் ஏலத்தில் அதற்கு எவ்வளவு கிடைத்தது தெரியுமா? சுமார் 5 லட்சத்து 75 ஆயிரம் டாலர்!

மோதலே இல்லை, நசுங்கலே இல்லை, பிறகு ஏன் ‘டோட்டல் லாஸ்’, அதாவது ரிப்பேருக்கு லாயக்கில்லாத முழு இழப்பு? உப்பு! வயர் முனைகளை, கம்ப்யூட்டர் பெட்டிகளை, பேட்டரியை அது விடாமல் தின்னும். பி1 வேறு பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட். அந்தக் காரை வாங்கி நட்டு நட்டாகக் கழற்றித் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார் ‘டவாரிஷ்’ என்ற யூடியூபர்!

73 ஆண்டு ஏரிக்குள் கிடந்த புகாட்டி!

இத்தாலிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நடுவே மஜோரே ஏரி. வரி கட்டாத ஒரு 1925 மாடல் புகாட்டி பிரெஸ்சியாவை 1936-ல் சுங்கத்துறையினர் சங்கிலியில் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள் என்பது கதை. சங்கிலி அறுந்தது. கார் 50 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போய்விட்டது! 2009 ஜூலையில் வெளியே எடுத்தார்கள். ஒரு பக்கம் சல்லடை, சேற்றில் புதைந்த மறுபக்கம் ஓரளவு உருவத்தோடு! 2010-ல் பாரிஸில் போனாம்ஸ் ஏலத்தில் விலை 2,60,500 யூரோ! வாங்கிய கலிஃபோர்னியாவின் முல்லின் அருங்காட்சியகம் அதைச் சரிசெய்யவே இல்லை! துருவோடு, ஓட்டைகளோடு அப்படியே காட்சிக்கு வைத்தது. சில கார்களைத் தொடாமல் விடுவதுதான் மதிப்பு!

மண்ணுக்குள் புதைத்த ஃபெராரி!

1978, லாஸ் ஏஞ்சல்ஸ். ஒரு வீட்டுத் தோட்டத்தைத் தோண்டினால் உள்ளே கார்! 1974 மாடல் ஃபெராரி டீனோ! அந்த 1974-லேயே திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்து, இன்சூரன்ஸும் வாங்கியாகிவிட்டது. மண் உள்ளே போய்க் கெடக்கூடாது என்று துவாலைகளைத் திணித்து வைத்துப் புதைத்திருந்தார்கள்! பலன்? துரு, ஓட்டை, அழுகல்! ஆனாலும் ஒருவர் வாங்கினார், சரிசெய்தார், சாலையில் ஓட்டினார்! நம்பர் பிளேட்டில் என்ன எழுதினார் தெரியுமா? ‘டக் அப்’, அதாவது ‘தோண்டி எடுத்தது’!

எஃப்.பி.ஐ. இடித்த கார்!

மொத்தமே 349 மட்டும் செய்யப்பட்ட ஃபெராரி எஃப்50. 2003-ல் பென்சில்வேனியாவில் திருடுபோய், 2008-ல் கென்டக்கியில் சிக்கியது. சாட்சிப் பொருளாகப் பத்திரமாக வைத்திருந்தது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2009-ல் ஓர் ஏஜென்ட் அதை எடுத்து ஓட்டினார். சறுக்கியது, மரத்தில் மோதியது! சேசிஸ் வளைந்து டோட்டல் லாஸ்! இன்சூரன்ஸ் கம்பெனி 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கேட்டு அரசு மேல் வழக்குப் போட்டது. தீர்ப்பு? அரசுக்கே வெற்றி! கம்பெனிக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை!

ஒரே விபத்தில் எட்டு ஃபெராரி!

2011 டிசம்பர் 4, ஜப்பானின் ஷிமோனோசெகி அருகே சுகோகு விரைவுச்சாலை. வரிசையாகப் போன கார்களில் ஒன்று தடம் மாறும்போது சறுக்கி நடுத்தடுப்பில் மோத, பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று! மொத்தம் 14 கார்கள். அதில் ஃபெராரி 8, லம்போர்கினி 1, மெர்சிடிஸும் உண்டு! நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு பாவப்பட்ட டொயோட்டா பிரியஸ்! நல்லவேளை, யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை!

ஒரே ஒரு கியர்பாக்ஸ் 3,82,000 டாலர்!

கார் பிழைக்காவிட்டாலும் அதன் உறுப்புகள் பிழைக்கலாம்! 1955 செப்டம்பர் 30 அன்று ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் தன் போர்ஷே 550 ஸ்பைடரில் போகும்போது கலிஃபோர்னியாவில் விபத்தில் இறந்தார். வயது 24. நொறுங்கிய அந்தக் காரை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார்கள். 1960-ல் அது மாயமாய் மறைந்தது! இன்றுவரை கிடைக்கவில்லை! முன்பே கழற்றிய கியர்பாக்ஸ் மட்டும் தப்பி, 2021-ல் இணைய ஏலத்தில் 3,82,000 டாலருக்குப் போனது!

ஊருக்கு ஊர் மரணச் சான்றிதழ் வேறா?

ஆமாம்! இந்தியாவில் ரிப்பேர் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 60 சதவீதம். பக்கத்து மாநிலமான டெக்சாஸில் 100 சதவீதம்! ஒரே கார், ஒரே அடி. எல்லைக்கு அந்தப் பக்கம் செத்தது, இந்தப் பக்கம் உயிரோடு!

பிரிட்டனில் இன்னும் கறார். 2017 அக்டோபரிலிருந்து நான்கு எழுத்துகள். ‘ஏ’ என்றால் ஒரு நட்டுகூட எடுக்கக்கூடாது, முழுசாக நசுக்க வேண்டும்! ‘பி’ என்றால் பாகங்களை எடுக்கலாம், உடலை நசுக்க வேண்டும். ‘எஸ்’ என்றால் எலும்புக்கூட்டில் அடி, ஆனால் சரிசெய்யலாம். ‘என்’ என்றால் எலும்புக்கூடு தப்பியது. விவரம் தெரிந்தவர்கள் தேடித் தேடி வாங்குவது எது தெரியுமா? ‘என்’!

காகிதம் இல்லாத ஃபெராரி என்ன ஆகும்?

1954 ஃபெராரி 375 பிளஸ். தீயில் கருகிய நிலையில் 1958-ல் அமெரிக்காவின் ஒஹாயோக்காரர் ஒருவர் வாங்கி, பல்லாண்டு சும்மா போட்டு வைத்தார். 1980-களின் கடைசியில் அது திருடுபோய் ஐரோப்பாவுக்குப் போனது! யாருக்குச் சொந்தம் என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. 2014-ல் இங்கிலாந்தில் ஒருவழியாக ஏலம். விலை 1 கோடி பவுண்டுக்கும் மேல்! முடிந்ததா? இல்லை! ஏலத்துக்குப் பிறகும் கோர்ட் படி ஏறினார்கள்! கசங்கிய தகரத்தை நிமிர்த்திவிடலாம். சிக்கலான பத்திரத்தை நிமிர்த்துவது எவ்வளவு கஷ்டம் பார்த்தீர்களா?

மீட்கவே முடியாத 4,000 கார்கள்!

2022 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் ‘ஃபெலிசிட்டி ஏஸ்’ என்ற கப்பலில் தீ! உள்ளே போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி என சுமார் 4,000 கார்கள்! மார்ச் 1 அன்று கப்பல் அசோர்ஸ் தீவுகள் அருகே, ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. அதில் 15 கார்கள் அவென்டடாரின் கடைசிப் பதிப்பான ‘உல்டிமே’! அவ்வளவு ஆழத்திலிருந்து எடுப்பது நடக்கிற காரியமா? லம்போர்கினி என்ன செய்தது தெரியுமா? முடிக்கவிருந்த உற்பத்தியை நீட்டித்து அந்த 15 கார்களையும் மறுபடி செய்தது!

சரி, தீர்ப்பு என்ன?

உலகில் எத்தனை கார் இருக்கிறது? சேசிஸ் எண் அசலா? கூடு தப்பியதா? தண்ணீர் புகுந்ததா? பத்திரம் சுத்தமா? இந்த ஐந்து கேள்விகள்தான்! 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் மரத்தில் மோதினாலும் பிழைக்கும். ஆயிரக்கணக்கில் உள்ள சூப்பர் கார் ஒரு மயிரிழை விரிசலில் காயலான் கடைக்குப் போகும். நசுங்கலைப் பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவார். எண்ணையும் எலும்பையும் பார்ப்பவர் ஜெயிப்பார்!

இது கோடீஸ்வரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்! 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின! செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறீர்களா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிகிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தைத் தடவுங்கள். துரு இருக்கிறதா பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் காரில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்!